முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை: டென்மார்க் தமிழரும் இரவு நோவும்

ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் வைத்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட சிறு தலையணைகள் டென்மார்க்கின் படுக்கைப் பொருள் கடைகளில் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன. மணற்கடிகாரம் போல நடுவில் ஒடுங்கிய வடிவம், உள்ளே நுரை, சிலவற்றில் தொடையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள ஒரு பட்டி. முதுகு நோவு, இடுப்பு நோவு, முழங்கால் நோவு ஆகிய மூன்றையும் குறைக்கும் என்ற உறுதிமொழியோடு இவை விற்கப்படுகின்றன.

இந்தத் தலையணை உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்பதை ஆராய்வதற்கு டென்மார்க் பொருத்தமான இடம். உழைக்கும் மக்கள் இரவில் எப்படிப் படுக்கிறார்கள் என்பதைக் கருவிகள் கொண்டு அளந்த ஆய்வு ஒன்று இந்த நாட்டின் தொழிலாளரிடையே நடத்தப்பட்டிருக்கிறது. அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட தொழில்களோ, இங்கு அகதிகளாக வந்து சேர்ந்த ஈழத் தமிழர்களின் முதல் தலைமுறையினரில் பலர் பல்லாண்டு காலம் செய்த அதே தொழில்கள்.

664 பேரின் இரவுகள்

ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளியானது. நோர்வேயின் ட்ரொன்ட்ஹைம் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐவின்ட் ஸ்கார்ப்ஸ்னோவும், கோபன்ஹேகனில் இயங்கும் தேசிய தொழிற்சூழல் ஆய்வு மையத்தின் பேராசிரியர் அன்ட்ரேயாஸ் ஹொல்டர்மானும் அதனை எழுதியவர்களில் அடங்குவர். டென்மார்க்கில் துப்புரவு, உற்பத்தி, போக்குவரத்து ஆகிய துறைகளில் வேலை பார்க்கும் 664 பேரின் தொடையிலும் மேற்கையிலும் முதுகின் மேற்பகுதியிலும் சிறிய அசைவுமானிகள் ஒட்டப்பட்டன. அவர்கள் படுத்தது ஆய்வுகூடத்தில் அல்ல. அவரவர் வீட்டுக் கட்டிலில், வழக்கமான இரவுகளில் எப்படிப் படுத்தார்கள் என்பதே பதிவானது.

படுக்கையில் இருந்த நேரத்தில் சராசரியாக 54 சதவீதத்தை அவர்கள் ஒருக்களித்துக் கழித்தார்கள். மல்லாந்து படுத்தது சுமார் 38 சதவீதம். குப்புறப் படுத்தது 7 சதவீதம் மாத்திரமே. வயதும் உடல் எடையும் ஏற ஏற ஒருக்களித்துப் படுக்கும் நேரமும் கூடியது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு தடவை அவர்கள் நிலை மாறிப் படுத்தார்கள்.

வயது ஏறும்போது மனிதர் பக்கவாட்டில் படுக்கும் பழக்கத்துக்கு மேலும் மேலும் வருகிறார்கள் என்றால், அந்த நிலையில் இடுப்புக்கோ முதுகுக்கோ ஏதேனும் ஒவ்வாமல் போனால் அது இரவின் பாதிக்கு மேற்பட்ட நேரத்தைப் பாதிக்கும். அந்த வயதில்தான் பகல் வேலையின் தேய்மானமும் வெளிப்படத் தொடங்குகிறது.

இங்குள்ள தமிழர்களின் நிலையை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் டென்மார்க்கில் வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தமிழர்கள். 1980களின் நடுப்பகுதியில் வந்தவர்கள் யூட்லாந்துப் பகுதியின் சிறு நகரங்களில் பரவலாகக் குடியமர்த்தப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் என்ன படித்திருந்தாலும், இங்கு அவர்களில் பலருக்குக் கிடைத்தது மீன் தொழிற்சாலையிலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் சலவை நிலையத்திலும் உணவக அடுக்களையிலும் பாடசாலைத் துப்புரவிலும் வேலை. இருபது, முப்பது ஆண்டுகள் ஈரத் தரையில் நின்றும் வாளி தூக்கியும் குனிந்து நிமிர்ந்தும் உழைத்த அவர்கள் இப்போது அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருக்கிறார்கள். ஓய்வு நேர உடற்பயிற்சி உடலுக்கு நன்மை தரும் அதே அளவில் தொழிலில் செலவிடும் உடலுழைப்பு நன்மை தருவதில்லை என்பதை நெடுங்காலமாக வலியுறுத்தி வருபவர்களில் ஒருவர் மேலே குறிப்பிட்ட ஹொல்டர்மான். ‘நாள் முழுக்க ஓடியாடி வேலை செய்கிறேன், எனக்கெதற்குத் தேகப்பயிற்சி’ என்று நம்மவர்கள் சொல்வது அவரது ஆய்வுகளின்படி தவறான கணக்கு.

தலையணையின் வேலை என்ன?

ஒருவர் வலப்பக்கம் சாய்ந்து படுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இடது கால் மேலே இருக்கிறது. அந்தக் காலின் தொடை மூட்டு மெத்தையிலிருந்து ஏறத்தாழ இடுப்பின் அகலத்துக்கு உயர்ந்து நிற்கிறது. ஆனால் அதே காலின் முழங்காலைத் தாங்குவதற்குக் கீழே இருப்பது வலது முழங்கால் மட்டுமே. மேற்கால் முன்புறமாகச் சரிந்து மெத்தையைத் தொட்டுவிட்டால் அந்தத் தாங்கலும் இல்லாமல் போகிறது. ஆகவே தொடை, உயரத்திலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் பலகையைப் போலச் சரிந்து கிடக்கிறது.

இது சிறிய எடை அல்ல. ஒரு காலின் எடை உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 11 கிலோவுக்கு மேல் வரும். அந்த எடை மணிக்கணக்காக இடுப்பெலும்பை முன்னால் இழுத்துத் திருப்புகிறது. இடுப்பெலும்பு திரும்பினால் அதன் மேல் நிற்கும் கீழ்முதுகு முறுகுகிறது.

இன்னொரு விளைவு அதிகம் பேசப்படாதது. இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்து அழுத்தினால் ஓர் எலும்பு முனைப்பு தட்டுப்படும். பிட்டத் தசைகளின் நாண்கள் வந்து ஒட்டுவது அதில்தான். தொடை உள்நோக்கிச் சரியும்போது இந்த நாண்கள் அந்த எலும்பு முனைப்பின் மேல் இழுபட்டு நசுங்குகின்றன. அடியில் இருக்கும் இடுப்பிலும் அதே முனைப்பு உடலின் பாரத்துக்கும் மெத்தைக்கும் இடையில் அகப்படுகிறது. நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம் இந்த நாண் நோவு கூடுதலாகக் காணப்படுகிறது. ‘அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை’ என்பதுதான் அவர்கள் மருத்துவரிடம் சொல்லும் முதல் முறைப்பாடு.

முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணையை வைத்தால் மேற்கால் உயர்கிறது. தொடை மெத்தைக்குச் சமாந்தரமாக நிற்கிறது. இடுப்பெலும்பு திரும்புவது குறைகிறது. தேய்ந்த முழங்கால்களின் உட்புற எலும்புகள் ஒன்றோடொன்று உரசுவதும் நிற்கிறது. இவ்வளவுதான் இதன் இயக்கம். முள்ளந்தண்டை நிமிர்த்துவது, விலகிய வட்டைத் திரும்ப உள்ளே தள்ளுவது போன்ற விளம்பரப் பேச்சுகளுக்கு இந்த இயக்கத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

சான்று எவ்வளவு?

இங்கே வாசகர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். முழங்கால் தலையணைக்கு ஆதரவான காரணம் வலுவானது, சான்று மெலிந்தது. படுக்கும் நிலைக்கும் முதுகு, கழுத்து நோவுக்கும் உள்ள தொடர்பு குறித்து அவுஸ்திரேலியாவின் கேட்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக் கேரியும் சகாக்களும் வெளியான ஆய்வுகள் அனைத்தையும் சலித்துப் பார்த்து 2019இல் ஒரு மீளாய்வை வெளியிட்டார்கள். அவர்களது அளவுகோல்களுக்கு உட்பட்டுத் தேறியவை நான்கே நான்கு ஆய்வுகள். மனிதகுலம் தன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கைச் செலவிடும் ஒரு செயல் பற்றி அறிவியலுக்கு இருக்கும் அக்கறை இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. கேரி குழுவினர் ஒருக்களித்துப் படுப்பதையே இரண்டாகப் பிரிக்கிறார்கள்: கால்கள் ஒன்றன் மேல் ஒன்று தாங்கப்பட்ட நிலை, மேற்கால் முன்னால் சரிந்து முதுகு முறுகிய நிலை. காலையில் நோவோடு எழுவோர் இரவில் இத்தகைய முறுகிய நிலைகளில் கூடுதல் நேரம் இருக்கிறார்கள் என்பது அவர்கள் பின்னர் செய்த ஓர் ஆய்வில் தென்பட்டது. ஆனால் நோவினால் அப்படிப் படுக்கிறார்களா, அப்படிப் படுப்பதனால் நோவு வருகிறதா என்பது அதிலிருந்து தெரியவராது.

இடுப்பின் வெளிப்புற நாண் நோவைப் பொறுத்தவரை நிலைமை சற்று மேலானது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் வெளியிட்ட அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் 204 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியும், நாணை நசுக்காமல் இருப்பது, நிற்பது, படுப்பது எப்படி என்ற அறிவுரையும்; இரண்டாவது குழுவுக்கு ஸ்டீரொய்ட் ஊசி; மூன்றாவது குழுவுக்குப் பொறுத்திருந்து பார்த்தல். 8 வாரங்களில் கணிசமாகத் தேறியதாகச் சொன்னவர்கள் முதற்குழுவில் 77 சதவீதம், ஊசிக் குழுவில் 58, மூன்றாவதில் 29. ஓராண்டுக்குப் பின்னரும் முதற்குழுவே முன்னணியில் இருந்தது. தொடை உள்நோக்கிச் சரியாமல் படுப்பது அந்த அறிவுரையின் ஓர் அங்கம் மட்டுமே. தலையணை தனித்து எவ்வளவு சாதித்தது என்று இந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. பயிற்சியை விட்டுவிட்டுத் தலையணையை மட்டும் வாங்குபவருக்கு 77 சதவீதத்தைச் சொந்தம் கொண்டாட உரிமையில்லை.

தலையணைக்குக் கீழே இருக்கும் மெத்தை பற்றியும் டென்மார்க்கில் ஒரு முக்கியமான பரிசோதனை நடந்திருக்கிறது. நாட்பட்ட முதுகு நோவுள்ள 160 பேரைக் கொண்டு கோபன்ஹேகன் மருத்துவர்கள் நடத்திய அந்தப் பரிசோதனையின் முடிவு 2008இல் வெளியானது. சிலருக்கு நீர் மெத்தை, சிலருக்கு உடலின் வடிவுக்கு இசையும் நுரை மெத்தை, சிலருக்குக் கடினமான மெத்தை. கடினமான மெத்தையைவிட மற்ற இரண்டும் மேலாக இருந்தன. எனினும் வேறுபாடு சிறியது. கடின மெத்தை கிடைத்தவர்களில் கணிசமானோர் இடையிலேயே விலகியும் போனார்கள். நாரி பிடித்தால் கட்டிலை விட்டிறங்கி வெறுந்தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்வது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம். மல்லாந்து படுப்பவருக்கு அது ஒருவேளை ஒத்துவரலாம். ஒருக்களித்துப் படுக்கும் அறுபது வயதுக்காரரின் இடுப்பு முனைப்புக்குத் தரை நல்ல தோழன் அல்ல.

எதை வைப்பது, எப்படி வைப்பது

கடையில் விற்கும் மணற்கடிகார வடிவத் தலையணையில் ஒரு குறை உண்டு. அது முழங்கால்களை மட்டும் பிரிக்கிறது. கணுக்கால் தாங்கலின்றிக் கீழே தொங்குவதால் தொடை மூட்டு வெளிப்புறமாகத் திருகுகிறது. தொடையின் நடுப்பகுதியிலிருந்து கணுக்கால் வரை நீளும் சாதாரணத் தலையணையோ, நீளவாக்கில் மடித்து உறையிட்ட பழைய போர்வையோ இதைவிட நல்லது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. செலவும் இல்லை.

தடிப்பு எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது. மேலே உள்ள தொடை மெத்தைக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் கால் சரியும். மிகத் தடித்ததாக இருந்தால் தொடைகள் அளவுக்கு மீறி விரிந்து எதிர்ப்பக்கம் நோகும். அகன்ற இடுப்புள்ளவர்களுக்குக் கூடுதல் தடிப்புத் தேவைப்படும். முழங்கால்களை நெஞ்சை நோக்கி இழுத்துச் சுருண்டு படுக்காமல் இலேசாக மடித்தால் போதும். நோவுள்ள இடுப்பு மேலே இருக்கும்படி மறுபக்கம் படுப்பது பெரும்பாலோருக்கு எளிது.

இரவில் மணிக்கு ஒன்றிரண்டு தடவை புரண்டு படுப்பவரிடம் தலையணை எங்கே நிற்கும்? அனேகமாக விடியும்போது கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அதற்காகத்தான் சில உற்பத்தியாளர்கள் பட்டி வைத்துத் தைக்கிறார்கள். புரள்வது உடலின் தற்காப்பு. ஒரே இடம் நெடுநேரம் அழுந்தாமல் அது பார்த்துக்கொள்கிறது. அதைப் பட்டி போட்டுத் தடுப்பதில் நன்மை இருப்பதாகத் தோன்றவில்லை. உறங்கத் தொடங்கும்போது வைத்துக்கொண்டு, விழிக்கும் போதெல்லாம் திரும்ப எடுத்து வைப்பதே போதும்.

நுரைத் தலையணை வாங்குவோர் ஒரு விடயத்தைக் கவனிக்கலாம். அழுத்தினால் குழிந்து மெல்ல மீளும் நுரை 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உருவாக்கப்பட்டது. அதை மெத்தையாகவும் தலையணையாகவும் உலகச் சந்தைக்குக் கொண்டுபோன டெம்பூர் நிறுவனத்தின் உற்பத்திக்கூடம் டென்மார்க்கின் ஃபூன் தீவில், ஓரூப் என்ற சிற்றூரில் இருக்கிறது. இந்த நுரை வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். மாரிகாலத்திலும் படுக்கையறைச் சன்னலைத் திறந்துவைத்து உறங்கும் டேனியரின் பழக்கத்தைக் கைக்கொண்டவர்கள், முதல் சில நிமிடங்களுக்குக் கால்களுக்கிடையில் பலகை வைத்ததுபோல் உணர்ந்தால் வியப்பதற்கில்லை.

சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வேறு விதி. தொடை மூட்டு மாற்றிய பின்னர் கால்கள் ஒன்றையொன்று தாண்டாமல் இருக்க இடையில் தலையணை வைத்துப் படுக்கும்படி சொல்வது பழைய நடைமுறை. அண்மைக் காலத்தில் பல மருத்துவமனைகள் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருக்கின்றன. ஆகவே அயலவரின் அனுபவத்தைக் கேட்காமல் சிகிச்சை செய்த மருத்துவர் சொன்னதையே பின்பற்ற வேண்டும். முழங்கால் மூட்டு மாற்றியவர்கள் மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் பழகக் கூடாது. மூட்டு முழுமையாக நீளாமல் மடிந்த நிலையிலேயே இறுகிவிடும் அபாயம் உண்டு. ‘இடையில்’ என்பதற்கும் ‘அடியில்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே பெரியது.

புதிய பொருளா?

ஆசியாவின் வெப்ப நாடுகளுக்கு இது புதிதே அல்ல. கால்களுக்கிடையில் அணைத்துப் படுக்கும் நீள் உருளைத் தலையணையை இந்தோனேசியாவில் குலிங் என்பார்கள். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் பத்தாவியாவில் குடியிருந்த ஐரோப்பியரும் இதற்குப் பழகிப் போனார்கள். ‘டச்சு மனைவி’ என்று ஆங்கிலேயர் அதற்குக் கேலிப் பெயர் வைத்தார்கள். மலேசியத் தமிழர்களுக்கு பந்தால் பெலுக் என்றால் தெரியும். வங்காளத்தில் இதன் பெயர் கோல்பாலிஷ். வியர்வை படாமல் கால்களுக்கிடையில் காற்றோடுவதற்காக என்று அங்கெல்லாம் விளக்கம் சொல்வார்கள். இலவம்பஞ்சு அடைத்த ஒரு திண்டு அங்கே படுக்கையின் இயல்பான பகுதி. குளிர்நாட்டில் அதுவே சிகிச்சை உபகரணமாகி விலை ஏறிவிட்டது.

பொலன்னறுவையின் கல்விகாரையில் வலப்பக்கம் சாய்ந்து கிடக்கும் புத்தர் சிலையைப் பார்த்தவர்களுக்கு அதன் தலையணை நினைவிருக்கலாம். தலையின் பாரத்தால் தலையணை அமுங்கியிருப்பதைக்கூடச் சிற்பி கல்லில் காட்டியிருக்கிறார். கால்களுக்கு இடையில் எதுவும் இல்லை. கல்லுக்கு நாண் நசுங்குவதில்லை.

‘இடுப்பு’ என்றால் எது?

தலையணையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று மருத்துவரின் அறையில் காத்திருக்கிறது. தமிழில் ‘இடுப்பு நோகிறது’ என்று சொல்பவர் உடலின் எந்த இடத்தைக் குறிப்பிடுகிறார்? கீழ்முதுகாக இருக்கலாம், பக்கவாட்டு எலும்பாக இருக்கலாம், தொடை மூட்டாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தார் கீழ்முதுகுக்கு ‘நாரி’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் சிலர் வாயில் இடுப்பு முழுவதையும் குறிக்கும். டேனிஷ் மொழியில் கீழ்முதுகு ‘லென்’, தொடை மூட்டுப் பகுதி ‘ஹொஃப்த’. இரண்டும் இரண்டு வேறு பரிசோதனைகளுக்கு இட்டுச்செல்லும் சொற்கள். தாய்க்கு மொழிபெயர்க்கப் போகும் மகள், அம்மா சொன்ன ‘இடுப்பை’ எந்தச் சொல்லில் போட்டாளோ, அந்தத் திசையில் சிகிச்சை போய்விடுகிறது.

‘உளைவு’ என்ற சொல் இன்னும் கடினம். நாள் முழுக்க நின்று வேலை செய்த கால் இரவில் தரும் அந்தக் கனத்த, இடம் சொல்ல முடியாத நோவுக்கு டேனிஷில் நேரான சொல் அகப்படுவதில்லை. ‘உடம்பெல்லாம் உளைகிறது’ என்பது ‘உடல் முழுவதும் வலி’ என்று போய்ச் சேர்கிறது. அங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. குடியேறியவர்களின் இடம் தெளிவற்ற வலிகளைக் குறிக்க ‘இனத்துவ வலி’ என்று பொருள்படும் ஒரு சொற்றொடர் டேனிய மருத்துவ வட்டாரங்களில் புழங்கியது. நோயாளியின் மொழியையும் கடந்த காலத்தையும் விசாரிக்காமல் இப்படி முத்திரை குத்துவதற்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஓடென்சே பல்கலைக்கழக மருத்துவமனையில் குடியேறியோருக்கான சிகிச்சைப் பிரிவை உருவாக்கிய பேராசிரியர் மோர்டன் சோடெமான். 2018 ஜூலையில், மூன்று ஆண்டுகளுக்கு மேல் நாட்டில் வாழ்ந்தவர்கள் மருத்துவ மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி கொண்டுவரப்பட்டபோது, பிள்ளைகளை அழைத்துப் போகும் பழக்கத்துக்கு மேலும் ஒரு காரணம் சேர்ந்தது.

பிள்ளைக்கு முன்னால் சொல்லக் கூசும் இடங்களும் உண்டு. தொடை மூட்டுத் தேய்வின் நோவு பெரும்பாலும் வெளிப்புறத்தில் அல்ல, தொடை இடுக்கில்தான் தெரியும். மகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுட்டிக்காட்ட நம் தகப்பன்மார் எத்தனை பேர் துணிவார்கள்? பொதுவாக ‘இடுப்பு’ என்று சொல்லி, வலி நிவாரண மாத்திரையோடு வீடு திரும்புவது எளிது.

இங்கேதான் முழங்கால் தலையணை எதிர்பாராத ஒரு பயனைத் தருகிறது. அது விலையில்லாத ஒரு பரிசோதனை. இரண்டு வாரங்களுக்குத் தலையணை வைத்துப் படுத்துப் பார்த்து, என்ன மாறியது என்று குறித்துக்கொண்டால், நோவின் இடம் தானாகவே துலங்கத் தொடங்கும். பக்கவாட்டு எலும்பின் மேல் நோவு, அந்தப் பக்கம் படுத்தால் கூடுகிறது, மறுபக்கம் தலையணையோடு படுத்தால் தணிகிறது, காலுறை அணிவதில் சிரமமில்லை என்றால் நாண் நோவைச் சந்தேகிக்க இடமுண்டு. தலையணையால் பெரிய மாற்றமில்லை, நோவு தொடை இடுக்கில், காலுறை மாட்டவும் கோவிலில் சம்மணமிட்டு உட்காரவும் முடியவில்லை என்றால் தொடை மூட்டைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். காலையில் நாரி விறைத்து, எழுந்து நடமாடியதும் இளகுகிறது, தலையணை வைத்த நாட்களில் விறைப்புக் குறைவு என்றால் அது கீழ்முதுகைச் சுட்டுகிறது. நோய் நிர்ணயம் மருத்துவருடையது; ஆனால் இந்த விவரங்கள் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

எந்த நிலையில் படுத்தாலும் மாறாத இரவு நோவு, அதனோடு காய்ச்சலோ காரணமற்ற எடை இழப்போ, முன்னர் புற்றுநோய் இருந்த வரலாறோ இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவதும் சிறுநீர் கட்டுப்படாமையும் உடனடி அவசரநிலை. கர்ப்பிணிகளுக்கு 28 வாரத்துக்குப் பின்னர் மல்லாந்து உறங்கச் செல்லாமல் ஒருக்களித்துப் படுக்கும்படி பல நாடுகளில் அறிவுறுத்தப்படுகிறது. அவர்களுக்கும் இந்தத் தலையணை வசதியாக இருக்கும்.

இந்த நோவுகளைத் துல்லியமாகப் பதிவு செய்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டென்மார்க்கில் அரச ஓய்வூதிய வயது இப்போது 67. 2030இல் 68 ஆகவும் 2035இல் 69 ஆகவும் உயர்கிறது. 1971 தொடக்கம் பிறந்தவர்களுக்கு அதனை 70 ஆக்கும் சட்டம் 2025 மே மாதத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உடல் தேய உழைத்தவர்கள் முன்னதாக விலகட்டும் என்று 2022 ஜனவரியில் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. மதுபான ஆலைத் தொழிலாளி ஒருவரின் பெயரால் மக்கள் அதனை ‘ஆர்னே ஓய்வூதியம்’ என்று அழைத்தார்கள். 61 வயதுக்குள் குறைந்தது 42 ஆண்டுகள் தொழிற்சந்தையில் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1986இல் 25 வயதில் வந்திறங்கிய தமிழர், மறுநாளே மொப்பைக் கையில் எடுத்திருந்தாலும், 61 வயதில் அவரது கணக்கில் 36 ஆண்டுகள்தான் சேர்ந்திருக்கும். ஆண்டுக் கணக்கில் தோற்றவர்களுக்கு எஞ்சியிருப்பவை, வேலைத்திறன் குறைந்துவிட்டதை மருத்துவச் சான்றுகளோடு நிறுவிப் பெற வேண்டிய வழிகள். அந்தச் சான்றுகள் குடும்ப மருத்துவரின் கோப்பில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருக்க வேண்டியவை. அதில் ‘உடல் முழுவதும் வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது நோயாளிக்கு உதவப்போவதில்லை.

குடும்ப மருத்துவரைச் சந்திப்பது டென்மார்க்கில் இலவசம். அவரது பரிந்துரையோடு இயன்மருத்துவரிடம் போனால் செலவில் ஒரு பகுதியைப் பொதுச் சுகாதாரக் காப்பீடு ஏற்கும்; பெரும்பங்கு நோயாளியுடையது. மேலே சொன்ன ஆய்வில் பலன் தந்த பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளும் இடம் அதுவே. மருத்துவரிடம் கிடைக்கும் நேரம் குறுகியது. ஆகவே போகுமுன் வீட்டிலேயே, பிள்ளைகளின் உதவியோடோ தனியாகவோ, டேனிஷில் சில வரிகள் எழுதிக்கொண்டு போவது நல்லது: வலது இடுப்பின் வெளிப்புறத்தில் நோவு, ஆறு மாதமாக இருக்கிறது, அந்தப் பக்கம் படுத்தால் அரை மணிக்குள் விழித்துவிடுகிறேன், மறுபக்கம் படுத்து முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்தால் நான்கு மணி நேரம் உறங்க முடிகிறது, படியேறும்போது நோகிறது, காலுறை மாட்டும்போது நோகவில்லை. நோகும் இடத்தை அந்தத் தாளிலேயே ஓர் உடற்படத்தில் புள்ளியிட்டுக் காட்டிவிட்டால், சொல்லக் கூசும் இடத்தையும் வாய்திறக்காமல் காட்டிவிடலாம்.